பிஸ்டனின் நெற்றியில் எழுதியிருந்தது

அதிராம்பட்டினத்தில் நம் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சாய்ப்பில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. 1986ஆம் ஆண்டு, மலேசியாவில் செய்த வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய நம் வாப்பா அவர்கள், தென்னந்தோப்புக்கும் பட்டுக்கோட்டைச் சந்தைக்கும் போய்வர வாங்கியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 350. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இக்காலத்துப் பிள்ளைகள் ஓட்டிப் பார்க்கிறோம் என்று ஏறி, பிரேக் என நினைத்துக் கியரை மிதித்துவிட்டு விழிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். வாப்பா அவர்கள் 2004இல் மவுத்தானார்கள். வண்டி நம் கைக்கு வந்தது. வண்டியோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதில் ஸ்பானர்கள், ஒரு கொறடு, பாயிண்ட் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகளின் கட்டு, வாப்பாவின் பழைய பனியன் கிழித்த துணிகள்.

வெள்ளிக்கிழமை காலையில் வாப்பா அவர்கள் வண்டியைப் பிரித்துக்கொண்டு உட்காருவார்கள். பதினான்கு வயதில் நமக்கு அங்கே கிடைத்த பதவி, கழற்றிய நட்டுகளைத் தேநீர் தம்ளர்களில் வரிசை மாறாமல் போட்டு வைப்பது. பின்னர் வேலூர் பாக்கியாத்தில் ஓதச் சென்றோம். அரபு இலக்கணத்தில் ஒரு வினைச்சொல்லைப் பிரித்து அதன் மூல எழுத்து மூன்றையும் தனியே எடுத்து வைக்கும்படி உஸ்தாது சொன்னபோது, அந்தத் தம்ளர்களே நம் கண்முன் வந்தன. விடுமுறையில் ஊர் வந்தால் மறுபடியும் தம்ளர்கள்.

டேப்பட் சரிசெய்வதை வாப்பாவே கற்றுக்கொடுத்தார்கள். வண்டி முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டனை அழுத்தத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு புஷ்ராடை இரண்டு விரல்களால் பிடித்துச் சுழற்றினால் அது தங்குதடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் துளியும் ஆடக் கூடாது. இதற்கு அளவுத் தகடு வேண்டியதில்லை, விரல்தான் அளவு. இறுக்கமாகிவிட்டால் சூட்டில் வால்வு முழுவதும் மூடாமல் கருகும். தளர்ந்துவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ‘டக் டக்’ என்னும். பாயிண்டுக்கு மட்டும் தகடு உண்டு. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இந்த இரண்டும் பிளக் துடைப்பதும் தெரிந்துவிட்டால், இவ்வகைப் பழைய வண்டியின் அன்றாட நோய்களில் பாதிக்கு வீட்டிலேயே மருந்து கிடைத்துவிடும்.

ஓர் ஆலிம் மண்ணில் உட்கார்ந்து கிரீஸ் பூசிக்கொள்வதா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் ஒருவர் நம் மாணவரின் தந்தை. அவருக்கு நாம் பதில் சொல்லவில்லை. ஆனால் லுஹருக்கு முன் வேலையை நிறுத்திக் கை கழுவுவது உள்ளபடியே ஒரு பாடம்தான். கையில் எண்ணெயின் பிசுக்கு மட்டும் இருந்தால் ஒளுவுக்கு அது தடையாகாது. தோலில் தண்ணீர் படவிடாத கனமான படலம் இருந்தால் அதை நீக்கியே ஆக வேண்டும். நகக்கண்ணில் அடைந்த கிரீஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து இளக்கி, பிறகு மரத்தூளும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். மண்ணெண்ணெயும் போக்கும், ஆனால் அந்த வாடையோடு ஸஃப்பில் நிற்பது பக்கத்தில் நிற்பவருக்குச் செய்யும் தொல்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், இன்று துருக்கியின் தியார்பக்கிர் எனப்படும் ஆமித் நகரில் அல்-ஜஸரீ என்னும் பொறியாளர் யந்திரங்களைப் பற்றி ஒரு கிதாபை எழுதி முடித்தார். அதில் வரும் நீரிறைக்கும் கருவிகளில் ஒன்றில், சுழற்சியை மேல்கீழ் அசைவாக மாற்றும் வளைதண்டு இருக்கிறது. இன்னொன்றில் எதிரெதிர் உருளைகளில் பிஸ்டன்கள் மாறிமாறி இயங்குகின்றன. அவருக்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் இத்தகைய நூலொன்றைச் செய்திருந்தனர். இவ்வகைக் கருவிகளுக்கு அரபியில் வழங்கிய பெயர் ‘ஹியல்’. ‘ஹீலா’ என்பதன் பன்மை. ஃபிக்ஹு கிதாபுகளில் இதே சொல் சட்டத்துக்குச் சந்து தேடும் உபாயத்தைக் குறிக்கும்; பேச்சு வழக்கில் தந்திரம், ஏய்ப்பு என்றும் ஆகிவிட்டது. நுட்பத்துக்கும் ஏய்ப்புக்கும் ஒரே சொல் அமைந்ததை முன்பெல்லாம் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கையாகச் சொல்லுவோம். 2020க்குப் பிறகு அதை வேடிக்கையாகச் சொல்ல நமக்கு வரவில்லை.

அவ்வாண்டு பிப்ரவரியில் வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கியது. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்பது பொருள். ஏற்றத்தில் இழுவையும் குறைந்திருந்தது. சிலிண்டர் தேய்ந்துவிட்டது, ரீபோர் செய்ய வேண்டும். அது வீட்டில் ஆகும் காரியமன்று. பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர்; வாப்பாவின் காலத்திலிருந்தே இந்த வண்டியை அறிந்தவர். நாம் அவரை அண்ணே என்போம், அவர் நம்மை அஜரத்து என்பார். அவரிடம் விட்டோம். சிலிண்டரைத் தஞ்சாவூர் லேத் பட்டறைக்கு அனுப்பிக் குடைந்து, பெரிய அளவுப் புதுப் பிஸ்டனும் ரிங்குகளும் போட்டதாகச் சொல்லி ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டார். முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டும்படியும் சொன்னார். பொதுவாகக் கழற்றிய பழைய உறுப்புகளை நாளிதழில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார். அன்று கடையில் கூட்டம். பழைய பிஸ்டன் நம் கைக்கு வரவில்லை. நாமும் கேட்கவில்லை.

இருநூறு கிலோமீட்டர்கூட ஓடியிராது. மார்ச் 25இல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. வண்டி சாய்ப்பிலேயே நின்றது. ரமளானும் பெருநாளும் வீட்டுக்குள் கழிந்தன. ஜூன் மாதக் கடைசியில்தான் வண்டியை எடுக்க நினைத்தோம். மூன்று மாதம் நின்ற வண்டியாயிற்றே, எண்ணெய் பார்த்துவிட்டு எடுப்போம் என்று மூடியைத் திருகி அளவுகோலைப் பார்த்தோம். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. மொத்தமே இரண்டேகால் லிட்டர் பிடிக்கும் யந்திரத்தில் இவ்வளவு எங்கே போனது என்று திடுக்கிட்டோம். கடையில் ஒரு லிட்டர் டப்பா வாங்கி வந்து, மேற்கோடு வரும்வரை ஊற்றினோம். டப்பாவில் கொஞ்சமே மிஞ்சியது.

வண்டி நான்காம் உதையில் எழுந்தது. எழுந்த கணமே தெருவை நீலப் புகை மூடிவிட்டது. ஐந்து நிமிடம் ஓடவிட்டும் அடங்கவில்லை. மூச்சுக்குழாய் வழியாக எண்ணெய் வழிந்து பின்சக்கரச் சங்கிலியையும் நனைத்தது. எதிர்வீட்டு உம்மா ஒருவர், ‘கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்களா?’ என்று கேட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார்.

அந்தப் புகையில் நின்றுகொண்டே நம் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. புதுப் பிஸ்டன் போடவில்லை. பழையதையே துடைத்துப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். அதனால்தான் பழைய பிஸ்டனைத் தரவில்லை. எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்தின! அன்று அஸருக்குப் பின் தெருமுனைத் தேநீர்க் கடையில், இடைவெளி விட்டு நின்றிருந்த நான்கு பேரிடம் இதைச் சொன்னோம். ‘முப்பது வருஷப் பழக்கம், அவரே இப்படிச் செய்தால் யாரை நம்புவது?’ என்று வருத்தத்தோடு சொன்னோம். வருத்தத்தோடு சொன்னால் புறம் புறமாகாது என்று அந்நேரம் எண்ணிவிட்டோம் போலும். நால்வருமே வண்டி வைத்திருப்பவர்கள். நால்வருமே அவரிடம் வேலை கொடுப்பவர்கள்.

மறுவாரம், ஆதாரத்தைக் கையில் எடுத்துவிட வேண்டும் என்று தலையைக் கழற்றத் துணிந்தோம். டேப்பட்டும் பாயிண்டும் பார்த்திருக்கிறோமே தவிர, எஞ்சின் ஹெட்டை அதுவரை நாம் கழற்றியதில்லை. வாப்பா கழற்றக் கண்டிருக்கிறோம். பெட்ரோல் டாங்க்கை இறக்கினோம். கார்பரேட்டரை விடுவித்தோம். புகைபோக்கிக் குழாயின் கழுத்தில் இருந்த நட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. இரவெல்லாம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் மெல்லத் தட்டித்தான் இணங்கியது. அவசரப்பட்டிருந்தால் மரை போயிருக்கும். ராக்கர் மூடிகள், ராக்கர்கள், புஷ்ராடுகள் இரண்டு. எது உள்வால்வுடையது, எது வெளிவால்வுடையது என்று நூல் கட்டி அடையாளம் வைத்தோம். ஹெட் நட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றிவிடலாகாது. குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொன்றாகக் கால் சுற்று, கால் சுற்று என்று தளர்த்த வேண்டும். இல்லையேல் உலோகம் ஒருபுறம் இழுபட்டு வளையும்.

நம் வீட்டுக்காரி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். தம்ளர்களும் அவருடையவைதாம். நெடுநேரம் பேசாமல் இருந்தவர் கேட்டார்: ‘வண்டியைச் சரிபண்ணக் கழட்டுறீங்களா, அவரு குத்தத்தைக் கண்டுபிடிக்கக் கழட்டுறீங்களா?’

நாம் பதில் சொல்லாமல் ஹெட்டைத் தூக்கினோம்.

பிஸ்டனின் தலை கறுப்பாக ஈரமாக இருந்தது. பனியன் துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தோம். கரி போகப்போக உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அதன் நெற்றியில் 020 என்று பொறித்திருந்தது.

வாசகர்களில் இதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கிய பின் போடும் பிஸ்டனில், மூல அளவைவிட எவ்வளவு பெரியது என்பதைப் பொறித்துவிடுவார்கள். 020 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அரை மில்லிமீட்டர். வாப்பாவின் காலத்தில் இந்த வண்டிக்கு ரீபோர் நடந்ததே இல்லை. பழைய பிஸ்டன் என்றால் அதில் இந்த எண் இருக்க வழியில்லை. சந்தேகம் தீராமல் பிஸ்டனைக் கீழே இறக்கிச் சிலிண்டர் சுவரை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். லேத் பட்டறையில் கல் தேய்த்த குறுக்குக் கோடுகள் பாய் பின்னியதுபோல் அழியாமல் இருந்தன. ஓடியதே இருநூறு கிலோமீட்டர்தானே, எப்படி அழியும்? அவர் சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்திருந்தார்.

டார்ச் அணைந்தது. வீட்டுக்காரி உள்ளே போய்விட்டார்.

ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை நாம் எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம்! தவறான எண்ணமும், பிறர் குறையைத் துருவுவதும், புறம் பேசுவதும் அந்த ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன. நாம் அதே வரிசையில்தான் இல்லாவிடினும் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்து முடித்திருந்தோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நாவின் கேடுகளுக்கென்றே தனி ஒரு கிதாபு ஒதுக்கியிருப்பதையும் மாணவர்களுக்குச் சொல்லி வந்தவர்கள்தாம் நாம். அடியானுடைய உரிமையை அடியானிடமே கேட்டுப் பொருந்திக்கொள்ளச் செய்ய வேண்டும்; அது ஸஜ்தாவில் அழுது முடிக்கும் காரியமன்று என்பதும் நாம் அறியாததன்று.

எஞ்சினை ஒரு துணியால் மூடிக் கட்டிவிட்டு, மருமகனின் ஸ்கூட்டரில் பட்டுக்கோட்டைக்குப் போனோம். பட்டறையில் ஒரே ஒரு மொபெட் நின்றது. அவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்தார். வா என்று சொல்லவில்லை.

‘அண்ணே, உங்களைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டேன். நீங்கள் புதுப் பிஸ்டன் போடவில்லை என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். இன்று கழற்றிப் பார்த்தேன். மன்னித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்றோம். வரும் வழியெல்லாம் வேறு பல வாசகங்களைத் தயாரித்திருந்தோம். அவற்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்தார். ‘காதுல விழுந்துச்சு, அஜரத்து. ரெண்டு வண்டி வரவேண்டியது வரல. கொரோனாவால வரலயா, நீங்க சொன்னதால வரலயான்னு எனக்கு எப்படித் தெரியும்?’ என்றார். பிறகு பின்புறத் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நம் கையில் வைத்தார். நாளிதழில் சுற்றிய பழைய பிஸ்டன். தாளின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் நம் வண்டி எண் எழுதியிருந்தது. நாளிதழின் தேதி பிப்ரவரி மாதத்தியது. ‘வாங்க வருவீங்கன்னு எடுத்து வச்சேன்’ என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நாமும் அதைச் சொல்லும்படி வற்புறுத்தவில்லை. கொஞ்சநேரம் கழித்து, பழக்கத்தால் கேட்பவரைப் போலக் கேட்டார்: ‘சரி, புகை எதுக்கு வந்துச்சு? ஆயிலை ஓட்டிட்டுப் பார்த்தீங்களா, ஓட்டுறதுக்கு முன்னாடி பார்த்தீங்களா?’

முன்னாடி என்றோம். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அவர் விளக்கியது இது. இந்த எஞ்சினில் எண்ணெய் ஓர் அறையில் இருக்கும்; பிஸ்டனைத் தள்ளும் கிராங்க் சுழல்வது வேறு அறையில். ஒரு பம்பு எண்ணெயை உறுப்புகளுக்கு அனுப்பும். அவை நனைந்து கிராங்க் அறையில் வடிந்ததை இன்னொரு பம்பு மீண்டும் எண்ணெய் அறைக்கே திருப்பி அனுப்பும். வண்டி ஓடும்வரை கணக்குச் சரியாக இருக்கும். நெடுநாள் நின்றால், பம்பின் சந்து வழியாக எண்ணெய் சொட்டுச்சொட்டாகக் கிராங்க் அறைக்கு இறங்கிவிடும். அப்போது அளவுகோலை நீட்டினால் எண்ணெயே இல்லாததுபோல் தோன்றும். எண்ணெய் எங்கும் போகவில்லை, அறை மாறியிருக்கிறது. சில நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் எல்லாம் தன் இடத்துக்கு வந்திருக்கும். இதை அறியாமல் மேலும் ஊற்றினால் மிகுந்த எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. பிஸ்டனைத் தாண்டி ஏறி எரியும், மூச்சுக்குழாயில் கக்கும்.

வெளியே போகாத ஒன்றைத் தொலைந்ததென்று எண்ணி, நாமே ஒரு லிட்டரை ஊற்றிவிட்டு, வந்த புகைக்கு அவரைத் திருடராக்கியிருக்கிறோம். வாப்பா அவர்கள் ஒவ்வொரு முறையும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்த பிறகே மூடியைத் திருகுவார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எஞ்சின் சூடாக வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள் என்றே நினைத்திருந்தோம். தம்ளர் வைத்திருந்த பிள்ளை காரணம் கேட்கவில்லை.

புது ஹெட் பேக்கிங் ஒன்று அவரிடமே வாங்கிக்கொண்டு வந்தோம். திருப்பிப் பூட்டும்போது ஹெட் நட்டுகளைக் கழற்றிய முறையிலேயே குறுக்காக, மூன்று தவணையில் இறுக்கினோம். நூல் கட்டிய புஷ்ராடுகள் அவ்வவற்றின் இடத்துக்குப் போயின. எஞ்சினை எழுப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அடித்திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தோம். அளவுகோலின் மேற்கோட்டுக்கு வரும்வரை வடித்தது ஏறக்குறைய நாம் ஊற்றிய டப்பாவை நிறைத்தது. அன்று மாலைக்குள் புகை முற்றும் நின்றுவிட்டது.

நால்வரில் மூவரை அந்த வாரமே தேடிச் சென்று நடந்ததைச் சொன்னோம். ஒருவர் சிரித்தார். ஒருவர், ‘இதுக்குப் போய் நீங்க இவ்வளவு தூரம் வரணுமா?’ என்றார். புறம் பேசியபோது நம் பேச்சு அவருக்கு இலேசாகத் தோன்றவில்லை. திரும்பப் பெறும்போது மட்டும் இலேசாகிவிட்டது. நான்காமவர் மகன் வீட்டுக்குச் சென்னை போயிருந்தார். தொலைபேசியில் சொல்லும் விஷயமா, ஊருக்கு வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தோம். செப்டம்பரில் அவர் அங்கேயே மவுத்தாகிவிட்டார். ஜனாஸாவுக்குப் போகவும் அந்நாளில் வழியில்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் அவருடைய இளைய மகன் நம் வீட்டுக்கு வந்தார். கையில் அவர் வாப்பாவின் வண்டிச் சாவி. வண்டி நெடுநாள் நின்றுவிட்டதாகவும், நல்ல மெக்கானிக் ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். பட்டுக்கோட்டைப் பட்டறையைச் சொன்னோம். அவர் தயங்கி, ‘அங்க மட்டும் போகாதேன்னு வாப்பா சொல்லியிருக்காங்களே, மாமா’ என்றார்.

அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னோம். சொல்லி முடிக்க ஒரு தேநீர் ஆறிப்போகும் நேரமாயிற்று. பிறகு அவர் வண்டியை அவரும் நம் வண்டியை நாமுமாக ஓட்டிக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் புறப்பட்டோம். புறப்படுமுன் இரண்டு வண்டியிலும் எண்ணெய் பார்த்தோம். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்த பிறகே பார்த்தோம்.

பட்டறை வாசலில் நாம் வண்டியை நிறுத்துமுன்பே அவர் உள்ளிருந்து தலையை நீட்டினார். ‘அஜரத்து, டேப்பட் சத்தம் தெரு முனையிலயே கேட்குது. வெளி வால்வு கொஞ்சம் தளர்ந்திருக்கு. ஆறட்டும், நீங்களே வச்சிடுங்க’ என்று சொல்லிவிட்டு, இளைஞரின் வண்டிப் பக்கம் போய்க் குனிந்தார்.